பாட்டியின் பத்தியம் பூனைக்கு ஆகாது! - சர்க்கரை நோய் வந்த பூனைக்கு என்ன சாப்பாடு?

வீட்டில் ஒருவருக்கு சர்க்கரை நோய் வந்துவிட்டால் சமையலறையே மாறிவிடும். வெள்ளைச் சோறு குறையும். ஓட்ஸ் டப்பா, கேழ்வரகு மாவு, கோதுமை ரவை எல்லாம் அலமாரியில் ஏறும். காபியில் சர்க்கரை காணாமல் போகும். சரி, அதே வீட்டில் இருக்கும் பூனைக்கும் சர்க்கரை நோய் வந்தால் என்ன செய்வது?

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மா வேலைக்குப் போகிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். பகல் முழுக்க வீட்டில் இருப்பது பாட்டியும் சிம்பாவும்தான். சிம்பாவுக்கு 9 வயது. கருத்தடை ஆபரேஷன் செய்த ஆண் பூனை. சோபாவுக்கும் பால்கனிக்கும் நடுவில்தான் அதன் உலகம். காலையில் பால் சாதம், மதியம் மீன் பிசைந்த சோறு, இடையில் கொறிக்கக் கிண்ணம் நிறைய டிரை ஃபுட். எடை ஆறரை கிலோ. வருகிறவர்கள் எல்லாம், "நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

திடீரென்று சிம்பா இளைக்க ஆரம்பிக்கிறது. "வெயில் காலம்ல, அதான்" என்கிறார் பாட்டி. ஆனால் சாப்பாடு குறையவில்லை. முன்பைவிட அதிகமாகக் கேட்டுக் கத்துகிறது. தண்ணீர்க் கிண்ணம் ஒரே நாளில் இரண்டு முறை காலியாகிறது. லிட்டர் டிரேயில் ஈரக் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. ஒருநாள் பேத்தி இன்னொன்றையும் கவனிக்கிறாள். வழக்கமாகப் பாதத்தின் முன்பகுதியை ஊன்றி நடக்கும் சிம்பா, பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கிறது.

கால்நடை மருத்துவர் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துவிட்டுச் சொல்கிறார். "சுகர்ம்மா."

பாட்டி அசரவில்லை. "உங்க தாத்தாவுக்கு இருபது வருஷம் பத்தியம் பார்த்தவடி நான். இதுக்குப் பார்க்க மாட்டேனா? நாளையிலேர்ந்து பாலை நிறுத்திட்டு ஓட்ஸ் கஞ்சி வச்சா எல்லாம் சரியாயிடும்!"

பாட்டியின் அன்பில் குறையே இல்லை. கணக்கில்தான் தவறு.

இது வேட்டைக்காரனின் உடம்பு

பூனை பிறவியிலேயே மாமிச உண்ணி. மனிதர்களின் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்சைம் இருக்கிறது. பூனையின் எச்சிலில் அது இல்லை. உணவிலிருந்து வரும் குளுக்கோஸை வேகமாக எடுத்துக்கொள்ள நம் கல்லீரலில் இருக்கும் குளுக்கோகைனேஸ் என்ற என்சைமும் பூனைக்கு மிகக் குறைவு. தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் பூனையின் கல்லீரல் புரதத்திலிருந்தே இரவும் பகலும் தயாரித்துக்கொள்ளும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பது இன்னொரு ஆச்சர்யம். இனிப்பை உணரவைக்கும் மரபணு பூனைகளிடம் செயல்படுவதில்லை என்று 2005-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

எலி, பல்லி, குருவி என்று வேட்டையாடியே வாழும் பூனைக்குக் கிடைக்கும் மொத்த கலோரியில், கார்போஹைட்ரேட் எனும் மாவுச்சத்திலிருந்து வருவது சுமார் 2 சதவிகிதம்தான். மீதியெல்லாம் புரதமும் கொழுப்பும். அப்படிப்பட்ட உடம்புக்குள்தான் தினமும் பால் சாதம் போகிறது.

இப்போது பாட்டியின் ஓட்ஸ் கஞ்சிக்கு வருவோம். ஓட்ஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. கேழ்வரகிலும் கோதுமையிலும் அதைவிடச் சற்று அதிகம். நார்ச்சத்து இருப்பதால் மனிதர்களுக்கு இவை சர்க்கரையை மெதுவாக ஏற்றும், அதனால் நல்லது. பூனைக்கோ சோற்றுக்கு பதில் இன்னொரு சோறு, அவ்வளவுதான். பாலில் சர்க்கரை போடாவிட்டாலும், 100 மில்லி பசும்பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இயற்கையாகவே கிட்டத்தட்ட 5 கிராம் இருக்கிறது.

அதற்காக, 'சோறு போட்டதால்தான் சர்க்கரை நோய் வந்தது' என்று பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பூனைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களின் டைப் 2 போன்றது. உடல் பருமன்தான் பெரிய காரணம். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து சுமார் 4 மடங்கு அதிகம். நடுத்தர வயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு கூடுதல். அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் போடும் ஸ்டீராய்டு மருந்துகளும் இதைத் தூண்டலாம்.

டெஸ்ட்டிலும் ஒரு சிக்கல்

கூடைக்குள் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் கிளினிக்கில் உட்காரவைத்தால் ஆரோக்கியமான பூனைக்கும் பயத்தில் சர்க்கரை எகிறும். 300 மில்லிகிராம் வரைகூடப் போகும். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'ஃப்ரக்டோசமைன்' என்ற பரிசோதனையும் உண்டு. மனிதர்களுக்கு ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைச் சொல்வதுபோல, இது பூனைக்குக் கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் நிலவரத்தைச் சொல்லும்.

சிறுநீரகப் பரிசோதனையையும் அப்போதே செய்துகொள்வது நல்லது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகப் பிரச்னை சகஜம். அது இருந்தால், புரதம் அதிகமான உணவுக்கு மாறலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு கணக்கு

சர்க்கரை நோய் உள்ள பூனைக்கு, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் கலோரி 12 சதவிகிதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது கால்நடை மருத்துவர்களின் பரிந்துரை. ஆனால், கேட் ஃபுட் பாக்கெட்டில் புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் எல்லாம் இருக்கும். மாவுச்சத்து எவ்வளவு என்று மட்டும் பெரும்பாலும் இருக்காது. நாமே கண்டுபிடிக்கலாம். மொபைல் கால்குலேட்டர் போதும்.

100-லிருந்து புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம், சாம்பல் சத்து ஐந்தையும் கழியுங்கள். மிச்சம் இருப்பது மாவுச்சத்து. சாம்பல் அளவு போடவில்லை என்றால் டிரை ஃபுட்டுக்கு 8, ஈரமான உணவுக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு டிரை ஃபுட்டில் புரதம் 32, கொழுப்பு 12, நார்ச்சத்து 4, ஈரப்பதம் 10, சாம்பல் 8 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 66. மீதி 34 மாவுச்சத்து. ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் மூன்றரை கலோரி, கொழுப்புக்கு எட்டரை கலோரி. அப்படிப் பார்த்தால் 100 கிராமில் மொத்தம் 333 கலோரி. அதில் மாவுச்சத்தின் பங்கு 119. அதாவது சுமார் 36 சதவிகிதம். பரிந்துரையைப் போல மூன்று மடங்கு!

இப்போது பவுச்சில் வரும் ஈரமான உணவு. புரதம் 11, கொழுப்பு 5, நார்ச்சத்து 1, ஈரப்பதம் 80, சாம்பல் 2. மொத்தம் 99. மீதி 1. கலோரியில் அதன் பங்கு சுமார் 4 சதவிகிதம்தான்.

பாக்கெட்டில் போடுவது குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் இந்தக் கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனால் எது சோற்றுக்குச் சமம், எது மாமிசத்துக்குச் சமம் என்று பிரித்துக்காட்டிவிடும்.

இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. 'தானியம் இல்லாதது' என்று போட்டிருந்தால் மாவுச்சத்தே இல்லை என்று அர்த்தமில்லை. அரிசிக்கு பதில் உருளைக்கிழங்கோ பட்டாணியோ சேர்த்திருப்பார்கள். அதேபோல, எல்லா பவுச்சும் ஒன்றல்ல. கிரேவியைக் கெட்டியாக்க மாவு சேர்ப்பது உண்டு. கறியை மசித்துக் கூழாக்கிய வகைகளில் பொதுவாக மாவு குறைவு. எதை வாங்கினாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பேத்திக்கு உற்சாகம் தாங்கவில்லை. மருத்துவர் சிம்பாவுக்குக் காலை 2 யூனிட், இரவு 2 யூனிட் இன்சுலின் எழுதிக்கொடுத்திருக்கிறார். "அடுத்த வாரம் வாங்க, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். 'நல்ல விஷயத்துக்கு ஏன் ஒரு வாரம் காத்திருக்கணும்?' என்று வியாழக்கிழமையே சோறு, பால், டிரை ஃபுட் மூன்றையும் நிறுத்திவிடுகிறாள். பவுச்சும் வேகவைத்த சிக்கனும் மட்டும். இன்சுலின் அதே 2 யூனிட்.

ஞாயிறு இரவு 11 மணி. சிம்பா கட்டிலில் ஏறப் பார்த்துக் கீழே விழுகிறது. எழுந்து குடித்தவன்போலத் தள்ளாடுகிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. சுவரையே வெறித்துப் பார்க்கிறது.

நடந்தது இதுதான். 2 யூனிட் என்பது சோறும் டிரை ஃபுட்டும் சாப்பிட்ட சிம்பாவுக்கு நிர்ணயித்த அளவு. உணவிலிருந்து மாவுச்சத்து போனதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை சில நாள்களிலேயே குறைந்துவிட்டது. குறைந்த சர்க்கரைக்கு அதே இன்சுலின் என்றால் அது ஓவர்டோஸ். ரத்தச் சர்க்கரை 60 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. இன்னும் இறங்கினால் வலிப்பு, மயக்கம், மரணம்கூட நேரலாம்.

பாட்டியின் ஓட்ஸ் கஞ்சி சிம்பாவுக்கு உதவாமல் போயிருக்கும். ஆனால் பேத்தியின் 'சரியான' சாப்பாடு, சொல்லாமல் மாற்றியதால் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. பூனையைப் பொறுத்தவரை மாவுச்சத்தைக் குறைப்பதும் ஒரு மருந்துதான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனைக்கு மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டை மாற்றுவதும், கேட்காமல் டோஸை மாற்றுவதும் ஒன்றுதான்.

இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும்?

* பூனை சுயநினைவோடு இருந்தால் உடனே சாப்பிடக் கொடுங்கள். இந்த நேரத்தில் மட்டும் எந்தச் சாப்பாடாக இருந்தாலும் பரவாயில்லை.

* சாப்பிடாவிட்டால் தேன், சர்க்கரைப் பாகு அல்லது குளுக்கோஸ் கரைசலைக் கொஞ்சமாக எடுத்து ஈறில் தடவுங்கள்.

* வலிப்பு வந்தாலோ, மயங்கிவிட்டாலோ வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். பற்களுக்கு நடுவில் விரலையும் விடாதீர்கள். ஈறின் வெளிப்புறத்தில் மட்டும் துளி தேனைத் தடவிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

* தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இன்சுலின் உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். மருத்துவர் சொல்லாமல் அடுத்த ஊசி போடக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ள பூனை இருக்கும் வீட்டில், கைக்கெட்டும் இடத்தில் தேன் பாட்டில் ஒன்று அவசியம் இருக்க வேண்டும். கேட்க முரணாக இருந்தாலும் உண்மை அதுதான். சிம்பாவைக் காப்பாற்றுவதும் பாட்டியின் அலமாரியில் இருக்கும் தேன்தான்.

மெதுவாக மாற்றுவது எப்படி?

முதலில் மருத்துவரிடம், 'சாப்பாட்டை மாற்றப்போகிறோம்' என்று தேதி சொல்லிவிடுங்கள். டோஸை எப்போது, எவ்வளவு குறைப்பது என்று அவர் திட்டம் போடுவார். முதல் இரண்டு மூன்று நாள்கள் பழைய உணவில் நான்கில் ஒரு பங்கு மட்டும் புதியது. பிறகு பாதி. பிறகு முக்கால். பத்து நாளில் முழுசாக மாற்றலாம். அடம்பிடிக்கும் பூனைக்கு மூன்று வாரம் ஆனாலும் தப்பில்லை. பவுச்சை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். கொஞ்சம் வெந்நீர் விட்டு வெதுவெதுப்பாக்கினால் வாசனை வந்து சாப்பிடும்.

'பசித்தால் தானாகச் சாப்பிடும்' என்று பட்டினி போடுவது மட்டும் கூடவே கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இன்சுலின் போடும் பூனை ஒரு வேளை சாப்பிடவில்லை என்றாலே மருத்துவருக்கு போன் செய்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். எடையைக் குறைக்க வேண்டுமானாலும் வாரத்துக்கு 1 சதவிகிதம் அளவில் குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு அது வெறும் 60 கிராம்.

தினமும் மூன்று பவுச் என்றால் பட்ஜெட் இடிக்கும்தான். வீட்டுச் சமையலில் சிக்கன், மீன், முட்டை மூன்றிலும் மாவுச்சத்து இல்லை அல்லது மிகச் சொற்பம். உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்துக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்பதால் குழம்பில் கிடந்த மீனை அலசிக் கொடுப்பதும் வேண்டாம். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும், அதை எடுத்துவிடுங்கள். ஆனால், வெறும் கறி மட்டுமே முழு உணவாகாது. கால்சியம் கிடைக்காது. பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் அவசியமான டாரின் என்ற சத்து, வேகவைத்த தண்ணீரோடு போய்விடும். முழுக்க வீட்டுச் சமையல்தான் என்றால், என்னென்ன சத்து மருந்து சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டியின் கை வைத்தியத்துக்கும் இங்கே இடமில்லை. வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டைப் பொடி எதுவும் வேண்டாம். மனிதர்களுக்கு எழுதிக்கொடுத்த சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கூடக் கொடுக்கக் கூடாது.

சிரிஞ்சிலும் மீட்டரிலும் கவனம்

நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு கிடைக்கும். சிவப்பு மூடி, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. பூனைகளுக்குப் பரவலாகப் பயன்படும் கிளார்ஜின் 100 யூனிட் வகை. அதைத் தெரியாமல் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 2 யூனிட் அல்ல, 5 யூனிட்! வாங்கும்போதே மருந்துப் பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூனையின் காது ஓரத்தில் லேசாகக் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து வீட்டிலேயே சர்க்கரை பார்க்கலாம். மருத்துவமனையில் ஒருமுறை செய்து காட்டச் சொன்னால் கற்றுக்கொண்டுவிடலாம். கிளினிக் பயம் இல்லாததால் வீட்டில் வரும் எண்தான் நம்பகமானது. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் சர்க்கரையை உண்மையைவிடக் குறைத்துக் காட்டுவது வழக்கம். எந்த மீட்டரில் பார்த்தோம் என்பதையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். தேதி, நேரம், சர்க்கரை அளவு, சாப்பிட்ட உணவு, போட்ட யூனிட் ஆகிய ஐந்தும் அந்த நோட்டில் இருந்தால் போதும்.

சர்க்கரை கட்டுக்குள் வராமல் பூனை வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ, மூச்சில் பழ வாடை வீசினாலோ அது 'கீட்டோஅசிடோசிஸ்' என்ற அவசர நிலையாக இருக்கலாம். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பக்கத்தில் பூனைகளைப் பார்க்கும் மருத்துவர் கிடைக்கவில்லை என்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விசாரிக்கலாம்.

ஊசியிலிருந்து விடுதலை உண்டா?

உண்டு. மனிதர்களின் சர்க்கரை நோயைப் பார்த்துப் பழகிய வீடுகளுக்கு இதுதான் பெரிய ஆறுதல். பல பூனைகள் ஒரு கட்டத்தில் இன்சுலினே இல்லாமல் வாழ்கின்றன. சர்க்கரை நோய் உள்ள 63 பூனைகளை வைத்து 16 வாரம் நடத்திய ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. மாவுச்சத்து குறைந்த உணவு சாப்பிட்டவற்றில் 68 சதவிகிதம் பூனைகளுக்கு இன்சுலின் தேவைப்படாமல் போனது. மாவுச்சத்து ஓரளவும் நார்ச்சத்து அதிகமும் உள்ள உணவு சாப்பிட்டவற்றில் அது 41 சதவிகிதம். நோய் தெரிந்த முதல் ஆறு மாதங்களுக்குள் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்திவிட்டால் வாய்ப்பு அதிகம்.

ஆனால் இது முழு விடுதலை அல்ல, ஜாமீன் மாதிரி. பழையபடி குண்டானாலோ, பால் சாதம் திரும்ப வந்தாலோ நோயும் திரும்பலாம். ஊசி நின்ற பிறகும் சாப்பாட்டை மாற்றாமல், அவ்வப்போது சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிம்பாவின் வீட்டுக்குத் திரும்புவோம். இப்போது ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு இருக்கிறது. பேத்தி கல்லூரிக்குக் கிளம்பும் முன் எண்களை எழுதுகிறாள். பாட்டி சிக்கனை உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்துப் போடுகிறார். தேன் பாட்டில் அலமாரியின் முன்வரிசையில் நிற்கிறது. "டாக்டர்கிட்ட கேட்டியா?" என்பதுதான் இப்போது அந்த வீட்டில் அதிகம் ஒலிக்கும் கேள்வி. கேட்பது பாட்டி.